எழுப்புதல்: வேதம் சொல்லும் மூன்று வார்த்தைகள்

வேத பகுதி: ஆபகூக் 3:2, ஆதியாகமம் 45:25-28, 2 தீமோத்தேயு 1:5-7, பிலிப்பியர் 4:10-18



"எழுப்புதல் வேணும் ஆண்டவரே" என்று ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் கேட்கிறோம். நோட்டீஸ் அடிக்கிறோம், பந்தல் போடுறோம், மைக் கட்டுறோம். ஜனம் நிறைஞ்சுட்டா எழுப்புதல் வந்துடுச்சு என்கிறோம். வேதம் இந்தக் காரியத்தை எந்த வார்த்தைகளால் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

1. உயிர்ப்பித்தல்

ஆபகூக் தீர்க்கதரிசி கர்த்தருடைய கிரியையை உயிர்ப்பிக்கும்படி ஜெபித்தார். அங்கே உள்ள எபிரெய வார்த்தையின் வேர் "காயா". உயிரோடிருப்பது, பிழைப்பது என்று அர்த்தம். சங்கீதம் 85:6-லும் இதே வார்த்தைதான்.

யாக்கோபைப் பாருங்கள். யோசேப்பை இழந்து சுமார் 22 வருஷம். மகன் உயிரோடிருக்கிறான் என்று சொன்னபோதும் அவர் நம்பவில்லை, இருதயம் மரத்துப்போயிருந்தது. எகிப்திலிருந்து வந்த வண்டிகளைக் கண்டபோது அவருடைய ஆவி உயிர்த்தது. அங்கேயும் "காயா"தான்! பந்தல் இல்லை, மைக் இல்லை. ஒரு வயசானவருடைய உள்ளத்தில் நடந்த எழுப்புதல் அது.

ஒன்று கவனியுங்கள். "உயிர்ப்பியும்" என்று கேட்கிறவன், முன்னே இருந்த உயிர் இப்போ குறைஞ்சுபோச்சு என்று ஒத்துக்கொள்ளுகிறான். நமக்குக் கஷ்டமான ஜெபம் இதுதான்.

2. அனல்மூட்டுதல்

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின வார்த்தை கிரேக்கில் "அனசோப்புரெயோ". மறுபடியும், உயிர், நெருப்பு என்ற மூன்றும் அதற்குள் இருக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கில் மொழிபெயர்த்தவர்கள், யாக்கோபின் ஆவி உயிர்த்தது என்ற இடத்திலும் இதே வார்த்தையைப் போட்டார்கள்.

விறகு அடுப்பு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ராத்திரி அம்மா கங்கைச் சாம்பலால் மூடி வைப்பாங்க. காலையில் தீப்பெட்டி தேடுவதில்லை. சாம்பலை விலக்கி, ஊதுகுழலால் ஊதினால் தீ பிடித்துக்கொள்ளும். பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவுக்குள்ளும் இருந்தது. தேவன் கொடுத்த வரமும் உள்ளேயே இருந்தது. பயம் என்ற சாம்பலை விலக்கத்தான் பவுல் எழுதினார்.

3. மறுபடியும் தளிர்த்தல்

பிலிப்பியர் 4:10-ல் உள்ள வார்த்தை, மரம் திரும்பத் துளிர்ப்பதைச் சொல்லும் வார்த்தை. எது துளிர்த்தது? சிறையில் இருந்த பவுலை விசாரிக்கும் அன்பு! எப்பாப்பிரோதீத்துவின் கையில் அவர்கள் உதவி அனுப்பினார்கள். அந்நிய பாஷையும் ஆனந்த கண்ணீரும் வேண்டும். அதோடு கஷ்டத்தில் இருக்கிற சகோதரனை விசாரிக்கிற அன்பும் துளிர்க்க வேண்டும்.

பிரியமானவர்களே, நம்மை நாமே கேட்போம்:

* இரட்சிக்கப்பட்ட நாட்களில் இருந்த எந்த உயிர் எனக்குள் குறைந்துபோனது?
* என் அபிஷேகத்தை மூடியிருக்கிற சாம்பல் எது? பயமா, கடன் கவலையா, ஒருத்தரை மன்னிக்காத கசப்பா?
* பல மாசமாக சபைக்கு வராத யாரை நான் போய்ப் பார்க்கவில்லை?

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இதை வாசியுங்கள். குடும்ப ஜெபமே நின்றுபோயிருந்தால், அங்கேதான் சாம்பலை விலக்க வேண்டும். இன்றைக்கு ராத்திரி பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள். ஆவியானவர் ஊதுவார். கங்கு இன்னும் அணையவில்லை. ஆமென், அல்லேலூயா!