வீடா, காரப்பேட்டையா, சென்னையா?

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னதும், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் எழும் முதல் கேள்வி, யார் பக்கத்தில் இருப்பது என்பதுதான். கோர்வைப் புடவை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் படுத்து, மற்றவர் அவரைக் கவனிக்க உட்கார்ந்தால் தறி நின்றுவிடும். கூலியோ புடவைக்குத்தான், நாளுக்கு அல்ல.

வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த் தணிப்பு சிகிச்சை என்பது, மற்ற சிகிச்சை எல்லாம் கைவிட்ட பிறகு கடைசி வாரத்தில் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கீமோ நடக்கும்போதே தொடங்கலாம். புற்றுநோய்க்கு மட்டுமல்ல, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய நுரையீரல் நோய்க்கும் இது உண்டு.

வலி கட்டுக்குள் இருந்து, இரவில் கூட இருக்க ஓர் ஆள் இருந்தால், என் முதல் தேர்வு வீடுதான். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களைச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 என்ற எண்ணிலோ கேளுங்கள். புண் கட்டுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது போன்றவற்றை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். முன்கூடம் முழுக்கத் தறி இருக்கும் வீட்டில் கட்டிலை எங்கே போடுவது? தறிச் சத்தம் சிலருக்குத் துணை, சிலருக்குத் தொல்லை. படுத்திருப்பவரையே கேளுங்கள்.

வீடு சரிவராமல் போக முக்கியக் காரணம் வலி. கடும் வலிக்கு உரிய மருந்து மார்பின். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் அது அரிதாகிப்போனது. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. "பழகிப்போயிடும்" என்று பயந்து பாதி மாத்திரை கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அவர் போதைக்கு அடிமையாவது அரிது. சாதாரண மார்பின் மாத்திரையை வலி வந்தபின் அல்ல, வருமுன்னே, பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக வரும். அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள்.

வலி அடங்கவில்லை, ரத்தக் கசிவு, வயிற்றில் நீர் கோத்தல் என்றால் தயங்காமல் காரப்பேட்டை. புற்றுநோயால் மறைந்த காஞ்சிபுரத்து மைந்தர் அண்ணாவின் பெயரில் இயங்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. சில நாள் இருந்து வலியை அடக்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.

பார்க்க ஆளே இல்லாதவர்களுக்குக் காப்பகம். சென்னை மணலி அருகே மாத்தூரில் உள்ள ஜீவோதயா, முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகக் கவனிக்கிறது. போகும் முன் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தூரம் அதிகம் என்பதால் உறவுகள் அடிக்கடி போய்வர முடியாது. "கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்று ஊர் பேசும். வலியோடு தனியாகக் கிடப்பதைவிடக் காப்பகம் ஆயிரம் மடங்கு மேல்.

தனியார் ஐ.சி.யூ.வுக்காக நகையை அடகு வைக்கும் முன், "இதில் சரியாகக்கூடியது ஏதாவது இருக்கா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கிருமித்தொற்று போல ஒன்று இருந்தால் போராடலாம். இல்லையென்றால் வேண்டாம்.

நோயின் பெயரை மறைத்து, நோயாளியைத் தவிர எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது நம் வழக்கம். அதை விடுங்கள். எங்கே இருக்க ஆசை, யார் பக்கத்தில் வேண்டும் என்று அவர் தெளிவாகப் பேசும்போதே, இந்த வாரமே கேளுங்கள்.