மாற்றம் செய்யுமுன் டைனோவில் ஏற்றுங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட், டியூனிங் என்று செலவழிக்கப் போகிறீர்களா? கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே முதலில் டைனோவில், அதாவது காரை ரோலர்மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவியில், அளந்துவிடுங்கள்.

கம்பெனி சொல்லும் குதிரைத்திறன் எஞ்சினில் அளந்தது. டைனோ ரோலர் காட்டுவது சக்கரத்துக்கு வந்து சேர்வது. பின்சக்கர இழுவைக் காரில் சுமார் 15 சதவீதம் குறைவது சகஜம். 2012-இல் வந்த டொயோட்டா 86-க்கு அறிவித்தது 200 குதிரைத்திறன். டைனோவில் 170-ஐ ஒட்டி வந்தால் பதற வேண்டாம். உச்ச எண்ணைவிட, ஆர்பிஎம் ஏற ஏறத் திறனும் டார்க்கும் மாறுவதைக் காட்டும் வரைகோடுதான் முக்கியம். இந்தக் காரில் 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி டார்க் பள்ளமாக இறங்கும். எக்ஸாஸ்ட் ஹெட்டர் மாற்றியபின் அந்தப் பள்ளம் நிரம்பியதா என்று பார்க்கப் பழைய கோடு கையில் இருக்க வேண்டும்.

காரிலேயே குறை இருந்தாலும் தெரிந்துவிடும். 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்றார்கள். வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றியதும், சொன்ன திறன் இல்லை என்ற குட்டு உடைந்தது. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது.

ஆயில் அளவு பாருங்கள், டயர் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எஞ்சின் சூடானபின் மூன்று ஓட்டமாவது கேளுங்கள். மாற்றத்துக்குப் பிறகும் அதே டைனோ, அதே கியர், அதே பெட்ரோல், அதே எஸ்ஏஇ திருத்தம் (வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்வது). டைனோ மாறினால் எண்ணும் மாறும். அந்த ஒப்பீடு செல்லாது. அச்சிட்ட தாளோடு நிற்காமல், ஓட்டத்தின் டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.