"எதை?"ன்னு கேளுங்க, ஆப்ஜெக்ட் கிடைக்கும்!



மாதிரி நேர்காணல் ஒன்றில், "ப்ராஜெக்ட் வேலை எப்படி இருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஐ என்ஜாய்டு வெரி மச்" என்றேன். உடனே, "என்ஜாய்டு வாட்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நான் முழிச்சேன். நான் விட்டது ஒரே ஒரு சின்ன வார்த்தை: "இட்". அதுதான் ஆப்ஜெக்ட், அதாவது செயப்படுபொருள்.

தமிழில் "படம் பார்த்தேன், பிடிச்சிருந்தது" என்றால் போதும். ஆங்கிலத்தில் "ஐ லைக்டு" என்று நிறுத்த முடியாது. "ஐ லைக்டு இட்" என்று முடிக்கணும்.

இன்னொரு வித்தியாசம். "குமார் மாலாவைப் பார்த்தான்", "மாலாவைக் குமார் பார்த்தான்" இரண்டுக்கும் ஒரே பொருள்தான். 'ஐ' உருபு மாலாவோடு ஒட்டியிருக்கே! ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. "குமார் சா மாலா" என்பதில் வெர்புக்குப் பின்னால் நிற்பதால்தான் மாலா ஆப்ஜெக்ட். பெயர்களை இடம் மாற்றினால் பார்த்தவரே மாறிவிடுவார்!

கண்டுபிடிக்கும் வழி சுலபம். வெர்பைப் பார்த்துக் கேளுங்கள்:

யாரை? எதை? – பதில் வந்தால் டைரக்ட் ஆப்ஜெக்ட்.
யாருக்கு? – பதில் வந்தால் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்.

"ஹி கேவ் மீ எ கால்குலேட்டர்." எதைக் கொடுத்தான்? கால்குலேட்டரை. யாருக்கு? எனக்கு, அதாவது "மீ".

இனி, குரூப் டிஸ்கஷனில் நாம் அடிக்கடி செய்யும் இரண்டு தப்புகள்:

1. "டிஸ்கஸ் அபௌட் திஸ் டாபிக்" – 'இதைப் பற்றி' என்று தமிழில் யோசிப்பதால் "அபௌட்" நுழைந்துவிடுகிறது. டிஸ்கஸ் நேராகவே ஆப்ஜெக்ட்டை எடுக்கும். "டிஸ்கஸ் திஸ் டாபிக்" போதும்.

2. "எக்ஸ்பிளெயின் மீ" – "கிவ் மீ" சரி என்பதால் இதுவும் சரி என்று நினைக்கிறோம். ஆனால் எக்ஸ்பிளெயினுக்குப் பின்னால் விளக்க வேண்டிய விஷயம்தான் வரணும். ஆளுக்கு முன்னால் "டு" சேர்க்கணும். "எக்ஸ்பிளெயின் திஸ் சர்க்யூட் டு மீ" என்பதே சரி.

எல்லா வெர்புக்கும் ஆப்ஜெக்ட் தேவையா? இல்லை. ஸ்லீப், அரைவ் போன்றவற்றிடம் "எதை?" என்று கேட்டால் பதிலே வராது.

இப்போ உங்களுக்கு ஒரு பயிற்சி. இவற்றில் ஆப்ஜெக்ட் இல்லாதது எது?

அ) ஷி சென்ட் ஹெர் பிரதர் எ பார்சல்.
ஆ) தி பஸ் அரைவ்டு லேட்.
இ) வி டெஸ்டெட் தி மோட்டார்.

விடை 'ஆ'. "லேட்" என்பது 'எப்போது' என்பதற்குத்தான் பதில், 'எதை' என்பதற்கு அல்ல.

அடுத்த தடவை ஆங்கிலத்தில் பேசும்போது, யாராவது "வாட்?" என்று கேட்பதற்கு முன்னாடி நீங்களே "எதை?" என்று கேட்டுக்கோங்க!