சத்திரக்காரனின் ஊழியம்

வேதபகுதி: லூக்கா 10:25–37



அண்மையில் ஒரு சகோதரி தமது காணிக்கையோடு ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். அவருடைய கணவர் பல ஆண்டுகள் குடிக்கு அடிமையாயிருந்து, பின் விடுதலை பெற்று, தம் மீதி நாட்களை மற்றக் குடி நோயாளிகளுக்காகவே செலவிட்டவர். இப்போது அவர் நித்திரையடைந்துவிட்டார். "அவரை எப்படி நினைவுகூருவது? ஆலயத்தில் கல் பதிக்கலாமா? அவர் குடித்த காலத்தைச் சொல்ல வேண்டுமா, மறைத்துவிடலாமா?" என்று சகோதரி கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை மனதில் வைத்தே இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

1. காயப்பட்டவரே சமாரியரானார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற நகரம் உள்ளது. அங்கே ராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். டாக்டர் பாப் என்று அழைக்கப்பட்டவர் இவரே. 1879-இல் பிறந்தவர். கல்லூரி நாட்களில் தொடங்கிய குடி, அவர் தொழிலையும் குடும்பத்தையும் அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது.

1935 மே மாதத்தில் பில் வில்சன் என்பவர் அவரைச் சந்தித்தார். வில்சன் குடியை விட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. தாம் மறுபடியும் விழாதிருக்க வேண்டுமானால் இன்னொரு குடி நோயாளிக்கு உதவ வேண்டும் என்று உணர்ந்தே அவர் ஆள் தேடினார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற இயக்கம். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஐயே அந்த இயக்கம் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது.

குடியை விட்டாரே தவிர, குடிக்கும் ஆசை அவரை உடனே விட்டுவிடவில்லை. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் அது அவரை வாட்டியது. ஆனாலும் அந்த நாட்களிலேயே அவர் பிறரைத் தேடிப் போனார். முழுச் சுகம் வரட்டும், பிறகு சேவை செய்யலாம் என்று காத்திருக்கவில்லை. அவர் செய்த சேவையே அவரைக் காத்தது.

2. கதவைத் திறந்த சத்திரக்காரன்

இந்த உவமையில் ஆசாரியனையும் லேவியனையும் சமாரியனையும் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். சத்திரக்காரனை மட்டும் மறந்துவிடுகிறோம். சமாரியன் வழியிலேயே காயங்களைக் கட்டினான். ஆனால் அன்றிரவு படுக்க ஓர் இடமும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டியிருந்ததே! சத்திரக்காரன் கதவைத் திறக்காதிருந்தால் காயப்பட்டவன் கதி என்ன?

குடி நோயாளிக்கும் அப்படியே. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து நடுக்கமும் பிதற்றலும் உள்ள ஜன்னி கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவருக்குப் புத்திமதி மட்டும் போதாது, மருத்துவமனையில் கட்டில் வேண்டும். ஆனால் அந்நாட்களில் குடிகாரருக்குக் கட்டில் தர மருத்துவமனைகள் தயங்கின. அமெரிக்க மருத்துவச் சங்கமே 1956-இல்தான் இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது.

ஏக்ரனில் அன்று இருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி இருந்தார். 1889-இல் அயர்லாந்தில் பிறந்தவர். இசை ஆசிரியையாயிருந்து உடல்நலம் குன்றியதால் 1928-இல் அந்த மேசைக்கு அனுப்பப்பட்டவர். 1939 ஆகஸ்ட் 16 அன்று டாக்டர் பாப் அவரிடம் ஒரு குடி நோயாளிக்கு இடம் கேட்டார். சிஸ்டர், இரைப்பை அழற்சி என்று பதிவு செய்து அவரைச் சேர்த்துக்கொண்டார். நண்பர்கள் வந்து தனியாகப் பேச அறை வேண்டுமே என்று டாக்டர் கேட்டபோது, பூக்களை ஒழுங்குபடுத்தும் சிறிய அறைக்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகச் செய்தார். அந்தப் பூ அறையில் தொடங்கியது பெரிய ஊழியமாக வளர்ந்தது. 1950-இல் இறக்கும்வரை டாக்டர் பாப் 5000-க்கும் அதிகமான குடி நோயாளிகளுக்குக் கட்டணமின்றி உதவினார்.

நலமாகிப் போகிறவர்களுக்குச் சிஸ்டர் ஒரு சிறு திருவிருதய அடையாளத்தைக் கொடுப்பார். மறுபடியும் குடிக்க நினைத்தால், முதல் கோப்பையைத் தொடுமுன் அதைத் தம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொள்வார்.

இவ்விடத்தில் எங்கள் குறையையும் அறிக்கையிட வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஓர் இரவு, வார்டில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவருடைய கட்டிலைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குப் போய் ஜெபித்தோம். போதை தெளியட்டும், காலையில் பேசலாம் என்று எண்ணினோம். அது போதையல்ல, ஜன்னி. காலையில் அந்தக் கட்டில் காலியாயிருந்தது. வேதபுத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே லேவியனாக நடந்துபோக முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

3. நினைவுகூருவது எப்படி?

ஏக்ரனில் டாக்டர் பாப்பும் அவர் மனைவியும் அடக்கம்பண்ணப்பட்ட இடத்தில் சாதாரணக் கல்லறைக் கல்லே இருக்கிறது. அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர்கூட அதில் இல்லை. 1952-இல் சிஸ்டர் இக்னேஷியா கிளீவ்லேண்ட் நகரில் அன்று இருந்த செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே குடி நோயாளிகளுக்கென்று ஒரு வார்டைத் திறந்து, அதற்கு 'ரோசரி ஹால் சொலேரியம்' என்று பெயரிட்டார். அதன் முதலெழுத்துகள் ஆர். எச். எஸ். ராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித் என்ற பெயருக்கும் அதே எழுத்துகள்தான்! தம் நண்பரின் நினைவை அவர் ஒரு வார்டின் கதவில் எழுதிவைத்தார். 1966-இல் மரித்த அவர், தம் பணிநாட்களில் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நாங்கள் சொல்வது இதுதான். அம்மா, கல் பதிப்பது தவறல்ல. ஆனால் உங்கள் கணவர் யாரைத் தேடிப் போனாரோ, அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கும்படி செய்வதே அவருக்கு ஏற்ற நினைவு. அவர் குடித்த நாட்களை மறைக்க வேண்டாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சம்மதமானால் தாழ்மையோடு சொல்லுங்கள். இன்று நடுங்கும் கையோடு படுத்திருக்கிறவருக்கு, அதே நடுக்கத்திலிருந்து எழுந்த ஒருவருடைய கதையைப்போல் நம்பிக்கை தருவது வேறில்லை.

பங்காளர்களே, சமாரியன் இரண்டு பணத்தைக் கொடுத்ததோடு, மேலே செலவானால் அதையும் தருவதாகச் சொல்லிப் போனான். எழுந்தவர் மறுபடியும் விழுவதுண்டு. செலவும் கணக்குக்கு மேலே போவதுண்டு. அதற்கும் ஆயத்தமானதே சமாரியனுடைய அன்பு.

சிந்திக்க:

1. நம் வீட்டில் அல்லது சபையில், குடியின் நிமித்தம் நாம் தாண்டிப் போகிறவர் யார்?

2. நாம் இழந்த அன்பருடைய எந்த வேலை இன்னும் முடியாமல் இருக்கிறது?

3. அதில் இந்த மாதம் நாம் செய்யக்கூடியது என்ன?

உங்கள் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்