பெரிய பெயரைச் சொன்னால் ஃபெல்லோஷிப் கிடைக்குமா?

பி.ஜி. முடித்த இளம் டாக்டர்கள் ஃபெல்லோஷிப் இன்டர்வியூவுக்கு முன்னால் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்து ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்வதுண்டு. "உங்களை உருவாக்கியவர் யார்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். ஊரறிந்த ஒரு பேராசிரியரின் பெயர், அவர் வாங்கிய விருதுகள், அவரிடம் படித்தது தன் பாக்கியம். நேரம் அதிலேயே போய்விடும். பேசுகிற பிள்ளையைப் பற்றி மட்டும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வராது. டி.எம்., எம்.சிஎச். இடங்களுக்கு நீட் எஸ்.எஸ். ரேங்க், தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி.க்குத் தனி நுழைவுத் தேர்வும் கவுன்சலிங்கும். மருத்துவமனைகள் தாங்களே ஆள் எடுக்கும் ஃபெல்லோஷிப்புகளிலும், அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும்தான் இது முக்கியம்.

பெரிய பெயரைச் சொன்னால் இடம் கிடைக்கும் என்பதுதான் இங்கே வேரூன்றிய நம்பிக்கை. அந்தப் பெரியவர் எப்படிப்பட்டவர் என்பது தேர்வுக் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும். அவரால் நீங்கள் இன்றைக்கு எதை வேறு மாதிரி செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

அதே துறையில் மேலே இருப்பவரைத்தான் வழிகாட்டியாகச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. இதற்கு மறுப்பு நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறோமே, அந்தக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அவரைத் தொழுநோயாளிகள் பக்கம் திருப்பியவர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் நிபுணர், சர்ஜன் அல்ல. அவரோடு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போன பிராண்ட், மடங்கிப்போன இந்தக் கைகளை எலும்பு சர்ஜன்கள் ஏன் ஆராயவில்லை என்று கேட்டார். யாரும் அக்கறை காட்டியதில்லை என்பதே பதில். அங்கே ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்கு இறுக்கமான பிடி! செத்துப்போனதாக நினைத்த கையில் நல்ல தசைகள் மிச்சம் இருந்தன. அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை மறுபடி இயங்கவைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் அவர் வளர்த்தெடுத்தது அதன் பிறகுதான். ஆபரேஷன் நுணுக்கம் எதையும் காக்ரேன் சொல்லித்தரவில்லை. யாரும் தொடாத ஒரு கேள்வியைக் காட்டினார், அவ்வளவுதான்.

அடுத்து, சறுக்கிய கதையைச் சொன்னால் மார்க் குறையும் என்ற பயம். அதே சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று அவரை ஊக்கப்படுத்தியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார் மேரி. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அந்தத் துறையை வழிநடத்தினார். விபத்தை விட்டுவிட்டு இந்தக் கதையை யாராலும் சொல்ல முடியுமா? நோயாளியிடம் பதற்றப்பட்ட இரவையும், அப்போது சீஃப் சொன்ன ஒரு வார்த்தையையும் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

"நர்ஸைச் சொன்னால் மதிப்பில்லை சார்" என்றாள் ஒரு அனஸ்தீசியா பொண்ணு. பலமுறை கேட்ட பிறகுதான் ஒரு தியேட்டர் சிஸ்டரைப் பற்றி வாய் திறந்தாள். தினமும் முதல் கேஸுக்கு முன்னால் அந்த சிஸ்டர் சக்‌ஷன் டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, மீட்டர் முள் ஏறுகிறதா என்று பார்ப்பாராம். டெக்னீஷியன் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் விடமாட்டாராம். இப்போது இவளும் அப்படியே செய்கிறாள். அன்று கேட்ட பதில்களில் எனக்கு நிறைவு தந்தது அதுதான். அதையே சொல்லச் சொன்னேன்.

வழிகாட்டி சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டதாகக் காட்டுவதுதான் மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு. "அவரோடு எதில் உங்களுக்கு ஒத்துப்போகவில்லை?" என்று குழு கேட்டால் அவர்கள் திணறிப்போகிறார்கள். குறை சொல்லத் தேவையில்லை. "சார் அப்படிச் செய்வார், இந்தக் காரணத்துக்காக நான் இப்படிச் செய்கிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் பெயர் சொல்லும் ஆசிரியரே பரிந்துரைக் கடிதமும் தந்திருந்தால், போவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டு, எந்த நோயாளியைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குழுவில் யாராவது அவரையே அழைத்துக் கேட்கலாம்.