பின்கோடு அட்டைகளும் ரூட்டரின் நினைவகமும்

பதினோராம் வகுப்பில் நினைவகப் படிநிலையை நடத்திக்கொண்டிருந்தேன். பதிவகம், கேச், முதன்மை நினைவகம், வட்டு என்று வழக்கமான முக்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்து, மேலே போகப் போக வேகமும் கூடும், விலையும் கூடும் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ காசு இருந்தா எல்லாத்தையும் கேச் மாதிரியே செஞ்சிடலாமா சார்?"

"செய்யலாம்மா" என்று சொல்லிவிட்டேன். மணி அடித்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. தடை விலை ஒன்றுதான் என்று வகுப்பு முழுவதும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தது.

அடுத்த வாரம் அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். இம்முறை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் மூலையில் விளக்கு மினுக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து தொடங்கினேன். கணினியில் நினைவகம் தாமதித்தால் நாம் சற்றுக் காத்திருப்போம். வலையமைப்புக் கருவியில் தாமதித்தால் அடுத்த தரவுப் பொட்டலம் வந்து இடிக்கும், இடமில்லாவிட்டால் தொலையும். ஆகவே அங்கே எந்தச் சில்லை எங்கே வைப்பது என்பதில் கறாராக இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு கொடுத்தேன். ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொட்டலம் 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் முன்குறிப்பு, பின்னால் 12 பைட் அளவுக்கு இடைவெளி. மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். இணைப்பின் வேகம் விநாடிக்கு 1 கிகாபிட் என்றால் 672 நானோவிநாடிக்கு ஒரு பொட்டலம் வரும். 10 கிகாபிட் என்றால் 67.2 நானோவிநாடி. 100 கிகாபிட் என்றால் 6.72. இந்த நேரத்தில் ஒளியே சுமார் 2 மீட்டர்தான் போகும் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனி நினைவகத்தின் பக்கம். டிரேமில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. சிறிய அமைப்பு, ஆகவே நிறைய அடுக்கலாம். ஆனால் மின்தேக்கி ஓட்டைக் குடம், ஊற்றியது ஒழுகும். அதனால் பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை நிரப்பிவிட வேண்டும். படித்தாலும் மின்னூட்டம் கலைந்துவிடும். மறுபடி எழுதி, அடுத்த வரிசைக்குத் தயாராக வேண்டும். இந்தச் சுற்று முடிய சுமார் 45 முதல் 50 நானோவிநாடி. டிடிஆர் 3, 4, 5 என்று தலைமுறைகள் வந்தும் இது பெரிதாகக் குறையவில்லை. ஒரே வரிசையிலிருந்து தொடர்ந்து அள்ளும் வேகம்தான் கூடியது. கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டுக் காட்டுவது அந்த வேகத்தைத்தான். மணிக்கு ஒருமுறை வரும் பேருந்தில் இருக்கைகளை இரட்டிப்பாக்கினால் கூட்டம் அதிகம் ஏறும். ஆனால் நிறுத்தத்தில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் குறையாது. இந்த வேறுபாட்டை நம் பாடங்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் கருத்து.

ஒரு பொட்டலத்தை ஒருமுறை எழுத வேண்டும், ஒருமுறை படிக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு 90 நானோவிநாடிக்கு மேல். 10 கிகாபிட் இணைப்பு தருவதோ 67.2. "பத்தாது சார்!" என்று மாணவர்களே சொன்னார்கள்.

எஸ்ரேமில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள். ஒழுகாது, சில நானோவிநாடியில் பதில் தரும். வலையமைப்புக் கருவிகளுக்கென்றே வந்த கியூடிஆர் வகையில் படிக்கவும் எழுதவும் தனித்தனி வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இருமுறை தரவு போகும். ஆனால் அதன் கொள்ளளவு ஒரு சில்லுக்கு 144 மெகாபிட் என்ற அளவில்தான். டிரேம் சில்லோ 16 கிகாபிட் வரை சாதாரணமாகக் கிடைக்கிறது. நூறு மடங்குக்கும் மேல்! மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருந்தது. காசு கொட்டினாலும் அத்தனை சில்லுகளையும் பலகையில் வைக்க இடம் வேண்டும், அவற்றுக்குக் கம்பித்தடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

எனவே கலந்து வைக்கிறார்கள். வரிசையில் காத்திருக்கும் பொட்டலங்களின் தலைப்பகுதியும் வால்பகுதியும் எஸ்ரேமில். நடுவில் தேங்கும் பெருங்கூட்டம் டிரேமில், மொத்தம் மொத்தமாக. டிரேமையும் பல அறைகளாகப் பிரித்து, ஓர் அறை தயாராகும்போது மற்றொன்றில் வேலை நடக்கச் செய்கிறார்கள். சுற்றுநேரத்தைச் சுமார் 10 நானோவிநாடிக்குக் குறைத்த ஆர்எல்டிரேம் என்ற இடைப்பட்ட வகையும் உண்டு.

எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதும் ஒரு நல்ல கணக்கு. இணைப்பின் வேகத்தைப் பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தால் பெருக்கு என்பது பழைய விதி. 10 கிகாபிட், 0.25 விநாடி என்றால் 2.5 கிகாபிட். எஸ்ரேமில் 18 சில்லுகள் வேண்டும். 2004ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அப்பன்செல்லர், கெஸ்லாஸி, மெக்கியோன் மூவரும், பல தொடர்புகள் கலந்தோடும் முதுகெலும்பு இணைப்பில் அந்த அளவைத் தொடர்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்று காட்டினார்கள். 10,000 தொடர்பு என்றால் நூறில் ஒரு பங்கு, 25 மெகாபிட். ஒரே சில்லில் அடங்கிவிடும்! வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம். தொடர்புகள் குறைவான சிறிய இணைப்புக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிச்சமிருப்பது தேடல். பொட்டலம் எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்று ரூட்டர் முகவரியைப் பார்த்து முடிவு செய்கிறது. முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்தும் முன்னொட்டே செல்லும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. விளையாடினோம்.

6, 60, 62, 600, 625, 641 என்று பின்கோடு முன்னெண்களை அட்டைகளில் எழுதினேன். முதல் சுற்றில் ஒரு மாணவன் அட்டைக்கட்டைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினான். இரண்டாவது சுற்றில் ஆளுக்கு ஓர் அட்டை. "625001" என்றேன். 6, 62, 625 வைத்திருந்த மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நீளமான 625 வென்றது; கடிதம் மதுரைக்கு. அட்டையில் எழுதாத மற்ற இலக்கங்கள் எதுவானாலும் சரி. டிகேம் என்ற சில்லு செய்வது இதைத்தான். 0, 1, எதுவானாலும் சரி என்ற மூன்று நிலைகள். எல்லா வரிசைகளையும் ஒரே வீச்சில் ஒப்பிடும். பத்து எண்களை வாசித்ததும் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். எண் யாருக்கானாலும் எல்லோரும் கவனிக்க வேண்டியிருந்ததே! டிகேம் அதிக மின்சாரம் தின்பதும் அதனால்தான். ஒரு பிட்டுக்கு வழக்கமாக 16 டிரான்சிஸ்டர்கள் வேறு. (கணினி என்ற சொல்லே இல்லாமல் தொடக்கப்பள்ளியிலும் இதை விளையாடலாம். இடமதிப்புப் பாடத்துக்குப் பொருந்தும்.)

அட்டைகளை விட ஆட்கள் குறைந்தால்? 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் வழித்தட எண்ணிக்கை 5 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டியது. பழைய ரூட்டர்கள் பலவற்றின் டிகேமில் இயல்பாக ஒதுக்கியிருந்த இடமே அவ்வளவுதான். அன்று பல இடங்களில் இணையம் தடுமாறியது. வேறு வகை முகவரிகளுக்கு வைத்திருந்த இடத்தை எடுத்து இதற்குக் கொடுத்து, கருவியை அணைத்துப் போட்டுச் சமாளித்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 9 லட்சத்துக்கும் மேல்.

பாடம் முடிந்ததும் அந்த மாணவியைப் பழைய வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன். அவள் குறிப்பேட்டில் வேறொரு கணக்கு இருந்தது. 400 கிகாபிட்டுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்: 1.68 நானோவிநாடி. மேசையிலிருந்த மீட்டர் அளவுகோலை எடுத்து, பாதியில் விரலை வைத்து, "ஒளி இவ்வளவுதான் போகும், இல்லையா சார்?" என்றாள்.