பதினோராண்டுப் பள்ளிப்படிப்பா? இத்தாலி செல்லுமுன் கவனிக்க!

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேரப் பொதுவாக 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பு வேண்டும். மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு 11 ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். அதற்காகக் கனவைக் கைவிட வேண்டாம். குறையும் ஆண்டை ஈடுகட்ட வழி உண்டு.

* முதல் வகுப்பிலிருந்து எண்ணுங்கள். மழலையர் பள்ளி ஆண்டுகள் பொதுவாகக் கணக்கில் வராது.

* ஓராண்டு குறைந்தால், சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுத் தேர்வுகள் அனைத்திலும் தேர்ச்சி பெறுங்கள். 10 ஆண்டுப் படிப்பு மட்டும் என்றால், இரண்டு ஆண்டுகளை முடிக்க வேண்டும்.

* சில இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஃபவுண்டேஷன் ஆண்டும் ஓராண்டுக் குறையை நிரப்பும். பணம் கட்டுமுன், சேர விரும்பும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள்.

* பள்ளிச் சான்றிதழுக்கு இத்தாலியத் தூதரகத்தின் மதிப்புச் சான்றோ, கல்வித்தகுதிகளை ஒப்பிடும் இத்தாலிய மையமான சீமேயாவின் (CIMEA) ஒப்பீட்டுச் சான்றோ கேட்பார்கள். கைக்கு வர நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

* மாணவர் விசா தேவைப்படுவோர் ‘யுனிவர்சிட்டாலி’ தளத்தில் முன்பதிவு செய்வது அவசியம்.

விதிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். சேரும் கல்வியாண்டுக்கான அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.